290 வாட் பெட்டிக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு?

அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஆறு கார்டுகளின் படங்களை வரிசையாக அனுப்பிவிட்டு, "மாமா, இதுல எதை வாங்கட்டும்?" என்று கேட்டிருந்தான். ஆர்எக்ஸ் 580, ஜிடி 1030, ஆர்எக்ஸ் 6400, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 3050. ஒவ்வொன்றுக்கும் கீழே விலையும், யூடியூபில் பார்த்து எழுதிக்கொண்ட ஃபிரேம் கணக்கும் (கேமில் நொடிக்கு எத்தனை படம் வரும் என்பது). கையில் 9,000 ரூபாய் வைத்திருக்கிறான். ரொம்பத் தேவைப்பட்டால் அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் தேற்றிவிடுவானாம்.

ஃபிரேம் கணக்கை நான் பார்க்கவே இல்லை. "கேபினெட்டைத் திறந்து, எஸ்எம்பிஎஸ் மேல ஒட்டியிருக்கிற லேபிளை ஃபோட்டோ எடுத்து அனுப்புடா" என்றேன். எஸ்எம்பிஎஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துத் தரும் டப்பா. ஒரு மணி நேரம் கழித்துப் படம் வந்தது. தூசிக்கு நடுவே 290 வாட் என்று இருந்தது. அந்த ஒரு எண் ஆறு கார்டில் ஒன்றை உடனே அடித்துவிட்டது. இன்னொன்றை, அது எந்த வகை என்று தெரியும் வரை நிறுத்தி வைத்தது.

அவனிடம் இருப்பது டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 டவர். ஏதோ ஒரு கம்பெனி கழித்துக் கட்டியதை, ரீஃபர்பிஷ் கடைக்காரர் துடைத்து விற்றது. உள்ளே நான்காம் தலைமுறை ஐ5-4590, 8 ஜிபி ரேம், பிறகு நாங்கள் போட்ட 240 ஜிபி எஸ்எஸ்டி. இந்த ரகம் நம் ஊரில் காலேஜ் பையன்கள் வீட்டில் நிறைய இருக்கிறது. டேலி, டைப்பிங், படம் பார்ப்பது எதற்கும் இன்றைக்கும் சளைக்காது. கேம் என்று வந்தால்தான் மூச்சு வாங்கும். தனி கார்டு இல்லை, பிராசஸரோடு ஒட்டி வந்த இன்டெல் எச்டி 4600தான் படம் வரைகிறது.

அவனுக்கு வேண்டியது இரண்டு. ஜிடிஏ 5 மாதிரி சற்றுப் பழைய கேம்கள் 1080பி திரையில் திக்காமல் ஓட வேண்டும். ஆடுவதை அப்படியே ரெகார்ட் பண்ணி யூடியூபில் போட வேண்டும். அந்த இரண்டாவது ஆசை சின்னதாகத் தெரியலாம், ஆனால் அதுவே பின்னால் இரண்டு கார்டுகளை வெளியே தள்ளப் போகிறது.

கம்பி கேட்கும் கார்டு, கம்பி கேட்காத கார்டு

புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் கார்டை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப எஸ்எம்பிஎஸ்ஸும் கேபினெட்டும் வாங்கலாம். பத்து வருடப் பழைய பெட்டியில் அது தலைகீழ். பெட்டி ஏற்கெனவே நிற்கிறது. அதற்குள் எது நுழையும், எதற்குக் கரண்ட் போதும் என்பதை அதுதான் சொல்லும்.

மதர்போர்டில் இருக்கும் நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். அதற்குள் அடங்கும் கார்டுக்கு வேறு கம்பி வேண்டாம், செருகினால் போதும். அதைத் தாண்டினால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராகக் கம்பி இழுக்க வேண்டும். 6 பின் கம்பி இன்னொரு 75 வாட் தரும், 8 பின் கம்பி 150 வாட். இந்த ஆப்டிபிளெக்ஸின் 290 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இரண்டு கம்பியுமே கிடையாது. டெல் கஞ்சத்தனம் பண்ணவில்லை. அது ஆபீஸ் மேஜைக்குச் செய்த பெட்டி, எக்செல் திறக்க எதற்கு அந்தக் கம்பி?

அப்படியானால் எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிடலாமே என்று அவன் கேட்டான். அசெம்பிள்டு கம்ப்யூட்டராக இருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இந்த மாடலில் மதர்போர்டுக்குப் போகும் பிளக் எல்லோரும் வைக்கும் 24 பின் இல்லை, டெல் தனக்கென்று வைத்த 8 பின். நடுவில் ஒரு மாற்று கேபிள் வாங்கிப் போட வேண்டும். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ், அதற்கு அந்த கேபிள் என்று பார்த்தால் 9,000 ரூபாயில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பரின் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இதே மாதிரி ஒரு சிக்கல். கார்டு 6 பின் கம்பி கேட்டது, பெட்டியில் இல்லை. ஹார்டு டிஸ்குக்குப் போகும் பழைய மோலெக்ஸ் கம்பி இரண்டைச் சேர்த்து 6 பின்னாக மாற்றும் கன்வர்ட்டர் கடையில் கிடைத்தது. மாட்டினேன், ஓடியது. நண்பருக்கு ஒரே சந்தோஷம். கல்யாண வீடியோ ஒன்றை ரெண்டர் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது அறை முழுக்கத் தீய்ந்த வாசனை. கன்வர்ட்டரின் வெள்ளை பிளாஸ்டிக் மெழுகு மாதிரி உருகி, பின்னோடு பின் ஒட்டிக் கிடந்தது. கார்டு பிழைத்தது. அதே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த ஹார்டு டிஸ்க் பிழைக்கவில்லை. கல்யாணத்துக்கு வேறு இடத்தில் நகல் இருந்ததால் நட்பு தப்பியது. அந்த எஸ்எம்பிஎஸ் மேலே 450 வாட் என்றுதான் எழுதியிருந்தது. கையில் தூக்கிப் பார்த்திருந்தாலே, காலி டப்பா மாதிரி லேசாக இருப்பது தெரிந்திருக்கும். அந்த வேலையை நான் செய்யவில்லை.

ஆக, ஆர்எக்ஸ் 580 முதலில் போனது. அதன் தேவை 185 வாட், பிராசஸருக்கு 84 வாட். இரண்டையும் கூட்டினாலே 269. போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் மிச்சம் 21 வாட்டில் எப்படிக் குடித்தனம் நடத்தும்?

அவனுக்கு இதில் வருத்தம்தான். பட்டியலில் ரூபாய்க்கு அதிக வேகம் தருவது அந்தக் கார்டுதான், அதை நான் மறுக்கவில்லை. நாங்கள் விசாரித்தபோது செகண்ட் ஹேண்டில் 5,500 ரூபாய் சொன்னார்கள், 8 ஜிபி நினைவகத்தோடு. உங்களிடம் நல்ல கம்பெனியின் 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் 8 பின் கம்பியும் ஏற்கெனவே இருந்தால், இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு அதைப் பார்க்கப் போகலாம். போகும்போது இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். 580 2048எஸ்பி என்று ஒரு வகை சுற்றுகிறது. அது பெயரில்தான் 580, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 570. இன்னொன்று, இந்தக் கார்டுகளில் பல, எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கணக்குப் போட்டு ஈட்டும் மைனிங்கில் இரவு பகலாக ஓடியவை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறையையே கைவிட்டதும் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியதாலேயே ஒரு கார்டு கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கும், கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை நிரலான பயாஸை மாற்றி எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் விலை அதற்கேற்றபடி இருக்க வேண்டும்.

சின்னக் கார்டுகள், அதாவது காசைக் கரைப்பவை

கம்பி கேட்காத கார்டு என்றதும் கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது ஜிடி 710, ஜிடி 730. புதுசு, பில் உண்டு, வாரண்டி உண்டு, பெட்டி பளபளவென்று இருக்கும். கேமுக்கு இவற்றை வாங்காதீர்கள். ஜிடி 710 என்பது 192 கோர் (கணக்குப் போடும் சின்ன அலகு), 64 பிட் பாதையில் பெரும்பாலும் டிடிஆர்3 நினைவகம். எச்டி 4600 இருக்கும் கம்ப்யூட்டரில் இதைப் போட்டுப் பெரிய மாற்றத்தைத் தேடினால் கண்தான் வலிக்கும். 730இல் இன்னும் வேடிக்கை. ஒரே பெயரில் 96 கோர் உள்ளதும் உண்டு, 384 கோர் உள்ளதும் உண்டு, மெதுவான டிடிஆர்3, வேகமான ஜிடிடிஆர்5 என்று நினைவகமும் மாறும். இவற்றில் 4 ஜிபி என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்பதைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். சுண்டைக்காய் இன்ஜினுக்கு லாரி டேங்க் வைத்த கதை அது. இரண்டாவது மானிட்டர் மாட்ட வேண்டும், மதர்போர்டின் டிஸ்பிளே போர்ட் செத்துவிட்டது, பழைய விஜிஏ மானிட்டரை விடக்கூடாது, இந்த மாதிரி வேலைகளுக்கு மட்டும் இவை நியாயம்.

ஜிடி 1030 கொஞ்சம் மரியாதையான கார்டு. 2017இல் வந்தது, 30 வாட்தான் தின்னும், ஃபேனே இல்லாத வகையும் கிடைக்கும். ஆனால் 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகம் வைத்து இன்னொன்றை விட்டார்கள். ஜிடிடிஆர்5 வகையில் நொடிக்கு 48 ஜிபி போகும் நினைவகப் பாதை, இதில் 16.8 ஜிபி. கேமில் வேகம் பாதிக்குப் பாதி விழும். பெட்டியின் முன்பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், பக்கவாட்டில் சின்ன எழுத்தைத் தேடிப் படிக்க வேண்டும். என் மருமகனுக்கு நல்ல வகையே கிடைத்தாலும் உதவாது. வீடியோவை ரெகார்ட் செய்யும்போது சுருக்கி எழுதும் என்கோடர் சிப் 1030இல் கிடையாது. அந்த வேலையும் பெரும்பாலும் பிராசஸர் தலையில்தான் விழும். நான்கே கோர் உள்ள ஐ5 கேமையும் ஓட்டி, ரெகார்டிங்கையும் சுமந்தால் இரண்டுமே திக்கும்.

ஆர்எக்ஸ் 6400: காகிதத்தில் ராஜா

எனக்கே சபலம் தட்டிய கார்டு இது. 2022இல் வந்தது, 53 வாட், கம்பி வேண்டாம், ஒல்லி. ஒரே ஸ்லாட் அகலத்தில், பாதி உயரத்தில் கூடக் கிடைக்கும். ஆபீஸ் பெட்டிக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். புது கம்ப்யூட்டரில் வைத்து ஆடிக் காட்டும் வீடியோக்களில் 1650க்கு ஈடுகொடுக்கிறது.

சிக்கல் அது ஓடும் பாதையில் இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே தரவு போய்வர சாதாரணமாக 16 லேன், அதாவது தடம், இருக்கும். 6400க்கு நான்கே நான்கு. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் நான்கு லேனில் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி போகும், சமாளித்துவிடும். ஐ5-4590 தருவது 3.0 தலைமுறை, அதில் 4 ஜிபி. எச்81 சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டு சிப்) உள்ள போர்டாக இருந்தால் இன்னும் மோசம். நான்காம் தலைமுறை பிராசஸரே இருந்தாலும் எச்81 போர்டு 2.0 வேகம்தான் தரும், அதாவது 2 ஜிபி. அந்தக் காலத்தில் நம் ஊரில் விலை குறைவாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் எச்81 ஏராளம். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் சிபியு-ஸெட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு மெயின்போர்டு பக்கத்தைப் பாருங்கள்.

இந்தப் பாதை எப்போது உறைக்கும்? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் கையில் சாம்பார் வாளி இருக்கும்வரை சமையல்கட்டின் வாசல் எவ்வளவு குறுகல் என்று யாருக்கும் தெரியாது. வாளி தீர்ந்து, ஆளுக்கு ஆள் உள்ளே ஓடும்போதுதான் வாசலில் முட்டிக்கொள்வார்கள். கார்டில் இருக்கும் 4 ஜிபி நினைவகம்தான் வாளி. கேம் அதைத் தாண்டிக் கேட்டதும், மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து அந்த நான்கு லேன் வழியாக இழுக்க வேண்டும். சராசரி ஃபிரேம் கணக்கில் இது அவ்வளவாகத் தெரியாது. ஆடுகிறவன் கைக்குத் தெரியும். கார் திரும்பும்போது அரை நொடி நின்று போகும்.

இதற்கு மேல் ரெகார்டிங். 6400இலும் வீடியோ என்கோடர் இல்லை. அதற்கு அண்ணனான 6500 எக்ஸ்டியிலும் இல்லை, அதற்கும் நான்கே லேன், போதாக்குறைக்கு 107 வாட். உயரம் குறைந்த எஸ்எஃப்எஃப் பெட்டி வைத்திருந்து, கேம் மட்டும் ஆடி, போர்டும் 3.0 என்றால் 6400 வாங்கலாம், தப்பில்லை. இவனுக்கு ஒத்துவராது.

இன்டெல் ஆர்க் ஏ380 பற்றி அவன் நண்பன் ஒருவன் சொல்லியிருக்கிறான். 6 ஜிபி நினைவகம், ஏவி1 என்ற புது வகை வீடியோவைக்கூட எழுதும் என்கோடர், விலைக்கு அருமையான சரக்கு. ஆனால் அது, கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் எட்டவிடும் ரீசைஸபிள் பார் என்ற வசதியை நம்பி ஓடுகிறது, அது இல்லாமல் வேகம் நன்றாகவே அடிவாங்கும். நான்காம் தலைமுறைப் போர்டின் பயாஸில் அந்த வசதிக்கு எங்கே போவது? போதாததற்கு ஏ380 கார்டுகள் பலவற்றில் பவர் கம்பி வேறு கேட்கும். அடுத்த கம்ப்யூட்டருக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

1050 டிஐ, 1650, 3050

கடைசியில் கம்பி கேட்காத என்விடியா மூன்று பேர் மிஞ்சினார்கள். நான்காவதாக 750 டிஐயையும் சேர்க்கலாம். 60 வாட்டில் அது அன்று செய்தது அசாத்தியம், ஆனால் 2014ஆம் வருடக் கார்டு, 2 ஜிபி நினைவகம். 2,000 ரூபாய்க்குள் தெரிந்தவர் கொடுத்தால் வாங்குங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 2016 அக்டோபரில் வந்தது. 768 கோர், 4 ஜிபி, 75 வாட், என்கோடர் உண்டு. ஒரு காலத்தில் ஆபீஸ் பெட்டிக்குக் கார்டு என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். இன்றைக்குச் சொல்லாமல் இருக்க இரண்டு காரணம். இந்தத் தலைமுறைக்கும் இதற்கு முந்தைய 750 டிஐ, 900 வரிசைக்கும் புதுக் கேம்களுக்கான டிரைவரை (கார்டை ஓட்டும் மென்பொருள்) 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது. இனி 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ஜிடிஏ 5க்கு அது ஒன்றும் செய்யாது, நாளைக்கு வரும் கேமில் தெரியும். இரண்டாவது காரணம் போலிகள். அரதப் பழைய ஜிடிஎஸ் 450 மாதிரி சிப்பின் பயாஸைத் திருத்தி, 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். விண்டோஸும் அதை நம்பி அதே பெயரைக் காட்டும். ஜிபியு-ஸெட் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் பிடித்துவிடும், பெயருக்கு முன்னால் ஃபேக் என்று போட்டுக் காட்டும். கார்டில் விஜிஏ போர்ட் இருந்தாலே சந்தேகப்படுங்கள், அசல் 1050 டிஐயில் அது சாதாரணமாக இருக்காது.

ஜிடிஎக்ஸ் 1650, 2019 ஏப்ரல். அதே 75 வாட்டுக்குள் 896 கோர், 1050 டிஐயை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகம் அதிகம். தலைமுறை அடுத்தது என்பதால் டிரைவர் வெட்டில் தப்பித்துவிட்டது. 16 லேனும் முழுசாக உண்டு, எச்81 போர்டிலும் பெரிதாகத் தடுமாறாது. என்கோடர் உண்டு. சந்தையில் 1050 டிஐக்கும் இதற்கும் ஆயிரம், ஆயிரத்தைந்நூறுதான் வித்தியாசம் என்றால், குறைந்ததை வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

இதிலும் பொறி இருக்கிறது. எல்லா 1650யும் கம்பி கேட்காது என்று நினைக்காதீர்கள். கம்பெனிகள் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி விட்ட வகைகளில் 6 பின் பிளக் இருக்கும். 1650 சூப்பர் என்றால் அது வேறு கார்டு, 100 வாட், பிளக் நிச்சயம். விற்பவர் அனுப்பும் படத்தில் கார்டின் மேல் விளிம்பைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே ஆறு ஓட்டை இருந்தால் நம் பெட்டிக்கு ஆகாது.

ஆர்டிஎக்ஸ் 3050தான் நாங்கள் நிறுத்தி வைத்தது. இதில் பெயர்க் குழப்பம் உச்சம். 2022இல் வந்த 8 ஜிபி வகை 130 வாட், கம்பி வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி வகை 70 வாட், பெரும்பாலானவற்றில் கம்பி வேண்டாம். நமக்கு ஆவது இரண்டாவது மட்டும். 2,304 கோர், 6 ஜிபி வாளி, சின்னப் படத்தைப் பெரிதாக்கி ஃபிரேமை ஏற்றும் டிஎல்எஸ்எஸ் உண்டு, ஏவி1 வீடியோவைப் படிக்கும், புது கார்டு, முழு வாரண்டி. எங்கள் பட்டியலில் கம்பி இல்லாத கார்டுகளில் இதுதான் பெரியவர், சந்தேகமே இல்லை. நாங்கள் கேட்டபோது 17,000 ரூபாய்க்குப் பக்கத்தில் சொன்னார்கள். செகண்ட் ஹேண்ட் 1650க்கு 6,500.

அவன் அம்மாவிடம் பேசத் தயாராகிவிட்டான். நான்தான் நிறுத்தினேன். 3050 கொடுக்கும் வேகத்தை வாங்கிக்கொள்ள எதிரே ஆள் வேண்டாமா? நான்கு கோர், நான்கு த்ரெட் உள்ள 2014ஆம் வருட ஐ5, கொஞ்சம் புதிய திறந்தவெளி கேம்களில் தானே நூறு சதவீதத்தைத் தொட்டு நின்றுவிடும். கார்டு அப்போது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். 17,000 கொடுத்து, ஆடும்போது 1650ஐ விடச் சற்று மேல் என்ற அளவில்தான் கிடைக்கும். கம்ப்யூட்டரின் ஆயுளும் கணக்கில் வர வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் முடித்துவிட்டது, வீட்டு உபயோகத்துக்கு நீட்டித்த பாதுகாப்புத் திருத்தமும் 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். குறுக்கு வழியில் ஏற்றுபவர்கள் உண்டு, அவனும் ஏற்றுவான், தெரியும்.

ஆனாலும் 3050ஐ ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஒரு வருடத்துக்குள் புது போர்டும் பிராசஸரும் போடும் எண்ணம் உறுதியாக இருந்தால், இப்போதே 3050 6 ஜிபியை வாங்கிப் பழைய பெட்டியில் வைத்து ஓட்டிவிட்டு, பிறகு கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். அப்போது அந்த 17,000 இந்தக் கம்ப்யூட்டருக்குச் செய்த செலவு ஆகாது. இவனோ காலேஜ் முடிக்க இன்னும் இரண்டு வருடம், அதற்குள் லேப்டாப் கேட்பான் என்று அக்கா இப்போதே பயந்துகொண்டிருக்கிறாள்.

கார்டே வேண்டாம், முதலில் வேறு எதையாவது மாற்று என்று சிலருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். இன்னும் ஹார்டு டிஸ்கிலேயே விண்டோஸ் ஓடுகிறதென்றால் எஸ்எஸ்டிதான் முதல் செலவு. ரேம் 4 ஜிபி என்றால் அது இரண்டாவது. இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3 வைத்துக்கொண்டு 1650 வாங்குவது, வண்டியில் டயர் தேய்ந்திருக்க ஹாரன் மாற்றுவது மாதிரி. அந்தத் தலைமுறைகளில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லை, அது இல்லாவிட்டால் திறக்கவே மறுக்கும் கேம்கள் உண்டு.

சரி, கடைக்குப் போன கதை. ஒரு சனிக்கிழமை, சென்னையில் கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பேர்போன ரிச்சி தெருவுக்குப் போனோம். போகும் முன் டேப் வைத்து, ஸ்லாட்டிலிருந்து டிஸ்க் கூண்டு வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொண்டான். ஒற்றை ஃபேன் கார்டு தாராளமாக நிற்கும், மூன்று ஃபேன் வைத்தது முட்டும். அவன் மானிட்டரில் எச்டிஎம்ஐ இருந்தது நல்லதாகப் போயிற்று. இந்தக் கார்டுகள் எதிலும் விஜிஏ இல்லை. விஜிஏ மட்டும் உள்ள மானிட்டர் என்றால், உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ கன்வர்ட்டர் ஒன்றும் கணக்கில் சேரும்.

கடையில் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். அவர்களிடம் டெஸ்ட் பெஞ்ச் இருக்கும், முகம் சுளிக்காமல் மாட்டித் தருவார்கள். ஜிபியு-ஸெட்டில் கோர் எண்ணிக்கை 896 சரியா, நினைவகம் 4 ஜிபியா என்று பார்த்தோம். பஸ் இன்டர்ஃபேஸ் என்ற கட்டத்தில் 1.1 என்று காட்டியதும் பையன் பதறினான். சும்மா இருக்கும்போது கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி ஒரு சின்ன ரெண்டர் ஓடவிட்டதும் 3.0க்கு ஏறியது. பிறகு, கார்டை முழு வேகத்தில் வேலை வாங்கிச் சோதிக்கும் ஃபர்மார்க் இருபது நிமிடம். திரையில் கோடோ புள்ளியோ வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா, சூடு 80 டிகிரிக்குள் நிற்கிறதா என்று பார்த்தபடி நின்றோம். முதல் கார்டில் ஃபேன் தள்ளாடியது, வேண்டாம் என்றோம்.

கடைக்காரர் உள்ளே போய் இன்னொன்று எடுத்து வந்தார். இரண்டு ஃபேன், பார்க்கவே கம்பீரம், அதே 6,500தான் என்றார். நான் வாயைத் திறக்கும் முன் மருமகன் அதைக் கையில் வாங்கி மேல் விளிம்பைத் திருப்பிப் பார்த்தான். "அண்ணே, இதுல கம்பி குத்துற இடம் இருக்கு. இது நமக்கு ஆகாது, பிளெயின் மாடல் காட்டுங்க."

மூன்றாவதாக வந்த ஒற்றை ஃபேன் கார்டு 6,300க்கு முடிந்தது, 15 நாள் டெஸ்டிங் வாரண்டி, பில்லில் சீரியல் நம்பரோடு எழுதி வாங்கினோம். எச்டிஎம்ஐ கேபிள் 200. மிச்சக் காசில் எதிர்க் கடையில் டிடிஆர்3 8 ஜிபி ரேம் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பார்க் ஸ்டேஷனுக்கு நடந்தோம்.